அப்பா கொடுத்தது

மார்ச் 4

வீட்டுக்கு வந்துவிட்டோம். மதுரையிலிருந்து திண்டுக்கல் வரை கார் ஜன்னலைத் திறக்கவே இல்லை. முகக்கவசத்துக்குள் என் மூச்சே எனக்குச் சுட்டது.

என் கணவர் சபாபதி, நான் இருக்கப்போகும் அறைக்கு வெள்ளையடித்து வைத்திருந்தார். தூசி சேரும் என்று திரைச்சீலைகளைக் கழற்றிவிட்டார். துளசித்தொட்டியைக்கூட மண்ணில் கிருமி இருக்குமென்று கொல்லைப்புறம் கொண்டுபோய் வைத்துவிட்டார். அறை மிகவும் சுத்தமாக இருக்கிறது. ஆஸ்பத்திரி மாதிரியே.

முன்னறையில் அப்பா. சிறுநீரகம் கொடுத்தவர் அவர். வாங்கியவள் நான். எழுதிப் பார்த்தால்தான் நம்ப முடிகிறது.

மருத்துவமனையின் மனநல ஆலோசகர் ரிஸ்வானா மேடம்தான் தினமும் ஏதாவது எழுதச் சொன்னார். "சந்தோஷமா இருந்தே ஆகணும்னு கட்டாயம் இல்ல வெண்ணிலா. எப்படி இருக்கோ அப்படியே எழுதுங்க" என்றார்.

நான் சந்தோஷமாகத்தான் இருக்கிறேன்.

மார்ச் 6

டயாலிசிஸில் இருந்த காலத்தில் தண்ணீர்தான் என் கனவு. ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் கூடாது. ஐஸ் கட்டியை வாயில் அதக்கிக்கொண்டு, குழாயில் தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பக்கத்து வீட்டில் வாசல் தெளித்தால் அழுகை வரும்.

இப்போது மூன்று லிட்டர் குடிக்கச் சொல்கிறார்கள். சொம்பைப் பார்த்தாலே குமட்டுகிறது. அப்பா டம்ளரில் ஊற்றி நீட்டிக்கொண்டே இருக்கிறார்.

"குடி தாயி. இஞ்சின் சூடாகக் கூடாது."

அப்பா முப்பது வருஷம் அரசு பஸ் ஓட்டியவர். தன் சிறுநீரகத்துக்கு இஞ்சின் என்று பெயர் வைத்துவிட்டார். காலையில் கண் விழித்ததும் கதவோரம் நின்று, "நம்ம இஞ்சின் எப்படி ஓடுது?" என்று கேட்பார்.

"நல்லா ஓடுதுப்பா" என்பேன்.

மார்ச் 11

ஜெயசீலி அக்கா போன் செய்தார். டயாலிசிஸ் மையத்தில் எனக்குப் பக்கத்துக் கட்டில். திங்கள், புதன், வெள்ளி என்று இரண்டு வருஷம் அருகருகே படுத்துக் கிடந்தோம். அவர் வீட்டில் யாருக்கும் ரத்தவகை பொருந்தவில்லை. மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்து கிடைக்குமா என்று பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருக்கிறார்.

"தண்ணி குடிச்சியாப்பா?"

"குடிச்சேன்க்கா."

"எம்புட்டு?"

"ரெண்டு சொம்பு இருக்கும்."

"அய்யோ, ரெண்டு சொம்பா! நல்லாக் குடி. எனக்கும் சேத்துக் குடி. ஒன்னுக்கு நல்லாப் போகுதா?"

போகிறது என்றேன். அக்கா அந்தப் பக்கம் கைதட்டிச் சிரித்தார். அவருக்குச் சிறுநீர் நின்று மூன்று வருஷம் ஆகிறது.

மார்ச் 19

அப்பாவின் ஊரான வத்தலக்குண்டிலிருந்து அத்தை வந்திருந்தார், அவருடைய தங்கை. யாரையும் அறைக்குள் விடக்கூடாதென்பதால் ஜன்னலுக்கு வெளியே நாற்காலி போட்டோம். கம்பிக்கு அந்தப் பக்கம் அத்தை, இந்தப் பக்கம் நான்.

"பெத்தவன் உசுரையே அறுத்துக் குடுத்துருக்கான்டி. எந்த அப்பன் செய்வான்? பத்திரமாப் பாத்துக்க. அண்ணன் குடுத்தத வீணாக்கிறாத."

"சரி அத்தை."

"மூஞ்சியில ஒரு சிரிப்பு இல்லையே. இன்னும் என்ன கொறை உனக்கு?"

"ஒரு குறையும் இல்ல அத்தை."

உண்மையில் ஒரு குறையும் இல்லை. ரத்தத்தில் தேங்கும் கழிவான கிரியாட்டினின் ஒன்று புள்ளி இரண்டுதான். டாக்டர் என் முதுகில் தட்டிக்கொடுத்தார். எல்லோரும் மறுபிறவி என்கிறார்கள். பிறந்தவள் என்ன செய்ய வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை.

மார்ச் 28

தபால் நிலையத்தில் என்னோடு கவுண்டரில் இருந்த ஹேமலதா வந்தாள். ஜன்னலில் என்னைப் பார்த்ததும் ஒரு நொடி தயங்கி, பிறகு சிரித்தாள். அந்த ஒரு நொடியை நான் பார்த்துவிட்டேன்.

உடம்பு புதுச் சிறுநீரகத்தைத் தள்ளிவிடாமல் இருக்கப் போடும் மாத்திரையால் முகம் உப்பிவிட்டது. கன்னத்தில் முடி வளர்கிறது, தலையில் கொட்டுகிறது. கை நடுங்குகிறது. கவுண்டரில் என் கையெழுத்தைப் பார்த்து அச்சுப் போல இருக்கிறது என்பார்கள். இப்போது இந்தப் பக்கத்தை என்னாலேயே படிக்க முடியவில்லை.

அறைக் கண்ணாடியைத் துண்டால் மூடிவிட்டேன். வெயில் பட்டுக் கூசுகிறது.

மார்ச் 29

இன்று எதுவும் இல்லை.

ஏப்ரல் 7

அப்பா டிவி சத்தத்தைக் கூட்டி வைத்திருந்தார். குறைக்கச் சொன்னேன். குறைத்தார். பிறகு ஒரு டம்ளர் தண்ணீரோடு வந்து நின்றார். எனக்கு என்ன ஆனது என்று தெரியவில்லை. டம்ளரைத் தட்டிவிட்டேன்.

"எப்பப் பாத்தாலும் தண்ணி தண்ணின்னு! நான் என்ன மாடா?"

என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. அப்பா துணி எடுத்து வந்து தரையைத் துடைக்கக் குனிந்தார். பாதியில் நின்றுவிட்டார். இடது விலாவுக்குக் கீழே கையை அழுத்திக்கொண்டு, கட்டில் காலைப் பிடித்து நிமிர்ந்தார். முகம் வெளுத்திருந்தது.

"வலிக்குதாப்பா?"

"வாயு தாயி. மொச்சை சாப்ட்டேன்."

வீட்டில் ஒரு மாதமாக மொச்சை வாங்கவில்லை.

சபாபதி மில்லிலிருந்து வந்ததும் சொன்னேன். ஸ்டீராய்டு மாத்திரை கோபத்தைக் கூட்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். "அது மாத்திரை பண்றது, நீ இல்ல" என்றார். பிறகு வாசற்படி அருகிலேயே நின்றுகொண்டு கேட்டார்: "உனக்கு என்னதான் வேணும் வெண்ணிலா? சொன்னாத்தானே எனக்குத் தெரியும்."

யோசித்துப் பார்த்தேன். எனக்கு எதுவுமே வேண்டியிருக்கவில்லை.

ஏப்ரல் 14

சித்திரை முதல் நாள். அப்பா பாயசம் வைத்தார். இரண்டு ஸ்பூன் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது என்று சொன்னேன்.

ஏப்ரல் 18

ஜெயசீலி அக்காவிடமிருந்து இரண்டு அழைப்புகள். குளித்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 20

மறுபடியும் அக்கா. தலைவலியாக இருந்தது. எடுக்கவில்லை.

ஏப்ரல் 22

அக்கா குரலைப் பதிந்து அனுப்பியிருந்தார். மூச்சு வாங்கிக்கொண்டே பேசினார். "என்னப்பா, போனை எடுக்க மாட்டேங்குற? கோவமா? ஒன்னுமில்ல, சும்மாதான். நீ தண்ணி குடிக்கிற கதையைக் கேக்கணும்போல இருந்துச்சு."

நாளை பேசலாம்.

ஏப்ரல் 26

மையத்து நர்ஸ் போன் செய்தார். ஜெயசீலி அக்கா புதன்கிழமை இறந்துவிட்டார். நுரையீரலில் நீர் கோத்துவிட்டதாம். மையத்துக்குக் கொண்டுவரும் வழியிலேயே.

அடக்கம் முடிந்துவிட்டது. எப்படியும் என்னை அனுப்பியிருக்க மாட்டார்கள். கூட்டத்துக்குப் போகக் கூடாது.

மதியம் அப்பா தண்ணீர் கொண்டுவந்தார். குடித்தேன்.

மே 2

குளிக்கும்போது வலது அடிவயிற்றைத் தொடுவதில்லை. அங்கேதான் வைத்துத் தைத்திருக்கிறார்கள். கை பட்டால் தோலுக்கடியில் மேடாகத் தெரிகிறது. அதற்கு அறுபத்தொரு வயது. என்னைவிட இருபத்தேழு வயது மூத்தது. எனக்கு அடங்கி வேலை செய்கிறது, பாவம்.

காலையும் மாலையும் அப்பாவே மாத்திரைகளைப் பிரித்து என் உள்ளங்கையில் வைக்கிறார். நான் தண்ணீர் குடித்து முடிக்கும்வரை நின்றுவிட்டுப் போகிறார். இன்று மாலை கொஞ்சம் காற்றாட வேண்டும்போல் இருந்தது. கொல்லைப்புற வேப்பமரத்தடியில் நின்றுவிட்டு வந்தேன்.

மே 6

கொல்லைப்புறம் போய் வந்தேன். மனசு லேசாக இருந்தது.

மே 10

"அடிக்கடி கொல்லைக்குப் போறியே தாயி, மண்ணுல கிருமி இருக்கும்னாங்கல்ல?" என்று அப்பா கேட்டார்.

"ரூமுக்குள்ள மூச்சு முட்டுதுப்பா."

அவர் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு மரத்தடியைக் கூட்டப் போனார். வெகுநேரம் உள்ளே வரவில்லை.

மே 13

அப்பா இப்போதெல்லாம் மாத்திரையைக் கையில் வைத்துவிட்டு என் முகத்தையே பார்க்கிறார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்கிறேன்.

மே 20

இரண்டு நாளாகக் கால் வீக்கம். ஆள் வந்து எடுத்த ரத்தத்தைச் சபாபதி பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு வந்தார். கிரியாட்டினின் மூன்றைத் தாண்டிவிட்டது. நாளை காலை மதுரை.

மே 21

மருத்துவமனை. சேர்த்துவிட்டார்கள். ஊசியால் சிறுநீரகத்தில் துளி சதை எடுத்துப் பார்த்ததில், உடம்பு அதை ஏற்காமல் தாக்கத் தொடங்கியிருக்கிறது என்று தெரிந்தது.

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரே உட்கார்ந்தார். ஒரு பக்கம் சபாபதி, கால்மாட்டில் அப்பா.

"மாத்திரை ஏதாவது விட்டுப்போச்சா? ரத்தத்துல மருந்தோட அளவு ரொம்பக் கம்மியா இருக்கு. உண்மையச் சொல்லுங்க."

சபாபதி, "இல்ல சார், எல்லாம் நேரத்துக்குப் போட்டுருவா" என்றார்.

அப்போது அப்பா சொன்னார்: "நான்தான் டாக்டர் எடுத்துக் குடுக்கறது. பல வேளை விட்டுப்போச்சு. வயசாயிருச்சு, ஞாபகம் நிக்க மாட்டேங்குது."

டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னங்கய்யா பேசறீங்க? உங்க உடம்புல இருந்து எடுத்துக் குடுத்திருக்கோம். எத்தனை பேரு இது கிடைக்காம சாகறாங்க தெரியுமா? ஒரு மாத்திரை குடுக்கறதுல இவ்வளவு அலட்சியமா?"

"தப்புத்தான் டாக்டர்."

"தப்புன்னா சரியாப்போச்சா? இது போச்சுன்னா பழையபடி டயாலிசிஸ்தான். உங்க பொண்ணுதானே இவங்க?"

"ஆமாங்க டாக்டர்."

அப்பா கையைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு நின்றார். சபாபதி நம்ப முடியாமல் அவரையே பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்கலாம். அந்த அறையில் என்னைத் தடுத்தவர் யாருமில்லை.

மே 22

சொட்டுமருந்து ஏறுகிறது. இதை இங்கேயாவது எழுத வேண்டும்.

அப்பா எதையும் மறக்கவில்லை. மாத்திரையை நாக்குக்கடியில் ஒதுக்கிவைத்து, கொல்லைக்குப் போய் வேப்பமரத்தடியில் துப்பி, காலால் மண்ணைத் தள்ளினேன். எல்லா வேளையும் அல்ல. பல வேளை. ஜெயசீலி அக்கா போனதிலிருந்து.

சாக வேண்டும் என்று செய்தேனா? அப்படித் தோன்றவில்லை. வாழ வேண்டும் என்றும் தோன்றவில்லை. துப்பிவிட்டுத் திரும்பி நடக்கும்போது மட்டும் யாருக்கும் கடன்பட்டவளாக இல்லாததுபோல் இருந்தது.

மே 24

ரிஸ்வானா மேடம் வந்தார். திரையை இழுத்துவிட்டுக் கட்டிலருகே உட்கார்ந்தார். எழுதியதைக் காட்டச் சொல்வாரென்று நினைத்தேன். கேட்கவில்லை. "தூங்குறீங்களா?" என்று மட்டும் கேட்டார். அவ்வளவுதான், அழ ஆரம்பித்துவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். அக்காவின் போனை எடுக்காததை, மரத்தடியை, அப்பா திட்டு வாங்கியதை.

நான் மோசமானவள் என்று சொல்வாரென்று காத்திருந்தேன்.

"நீங்க மட்டும் இல்ல" என்றார். "ஆபரேசன் நல்லா நடந்தபிறகு இப்படி உடைஞ்சுபோறவங்க நிறையப் பேர் இருக்காங்க. வெளிய சொல்றது இல்ல. சொன்னா நன்றிகெட்டவன்னு பேர் வந்துரும்னு பயம். மனசுக்கும் வைத்தியம் இருக்கு. தொடங்கிரலாம். ஆனா இது டாக்டருக்குத் தெரியணும், அப்பதான் சரியா மருந்து குடுக்க முடியும். நான் சொல்லட்டுமா?"

தலையசைத்தேன்.

மனநல மருத்துவர் ஒருவரும் வந்து பார்த்தார். இன்னொரு மாத்திரை சேர்ந்திருக்கிறது.

மே 29

சபாபதி டீ வாங்கப் போயிருந்தார். அப்பா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். நான் சாப்பிட மாட்டேன் என்று தெரிந்தும் உரித்துக்கொண்டிருந்தார்.

"டாக்டர்கிட்ட ஏம்ப்பா அப்படிச் சொன்னீங்க?"

"எப்படி?"

"நீங்க மறக்கல."

சுளையைத் தட்டில் வைத்தார். "உன்னையத் திட்டுனா நீ தாங்க மாட்ட. நான் டிப்போவுல வாங்காத திட்டா?"

"எப்பப் பாத்தீங்க?"

"மரத்தடியைக் கூட்டும்போது. மொதல்ல ஏதோ விதைன்னு நெனச்சேன். கையில எடுத்துப் பாத்தா நான் குடுத்த மாத்திரை, ஊறிப்போய்க் கெடக்கு."

"அப்பவே என்னையக் கேட்டிருக்கலாம்ல?"

அப்பா ஆரஞ்சுத் தோல்களைப் பொறுக்கி ஒன்றுசேர்த்தார். "கேட்டு, 'ஆமாப்பா, எனக்கு இது வேணாம்'னு நீ சொல்லிட்டா? அதுக்கப்புறம் நான் என்ன தாயி செய்யறது? அதான் கேக்கலை. தெனமும் கேக்கணும்னு வருவேன். உன் மூஞ்சியப் பாத்துட்டுத் திரும்பிருவேன். இப்ப பாரு, நான் வாயத் தொறந்திருந்தா இது இம்புட்டுத் தூரம் வந்திருக்காது."

"உங்க மேல என்னப்பா தப்பு?"

"இருக்கு. குடுக்கறதுன்னு முடிவானப்போ மாப்ளகிட்டப் பேசுனேன், டாக்டர்கிட்டப் பேசுனேன். உன்கிட்ட ஒரு வார்த்தை பேசல. நீ தலையாட்டுன. போதும்னு விட்டுட்டேன்."

"வேணாம்னு இல்லப்பா." அதற்கு மேல் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. சொன்னேன். "உங்களைப் பாக்கும்போதெல்லாம் நான் நல்லா இருந்தாகணும். சிரிச்சாகணும். என்னால முடியலப்பா. உள்ள ஒன்னுமே இல்லாத மாதிரி இருக்கு. ரொம்பப் பயமா இருக்கு."

அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆரஞ்சுப் பிசுபிசுப்பு. கிருமி, கைகழுவுதல் எதுவும் எங்கள் இருவருக்கும் நினைவில்லை.

"நான் என்ன செய்யட்டும்? சொல்லு, செய்யறேன்."

"தெரியலப்பா."

சபாபதி டீயோடு வந்து நின்றபோது இருவரும் அழுதுகொண்டிருந்தோம். அவர் டம்ளர்களை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

ஜூன் 8

வீட்டுக்கு வந்துவிட்டோம். கிரியாட்டினின் இரண்டில் நிற்கிறது. போனது திரும்பாது என்றார் டாக்டர். இருப்பது எத்தனை காலம் ஓடும் என்று கேட்டதற்கு, "சில பேருக்கு ரொம்ப வருஷம், சில பேருக்குக் கொஞ்ச காலம். பாக்கலாம்" என்றார். என்மேல் அவருக்குக் கோபம் இருப்பதாகத் தெரியவில்லை. அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டாராம், சபாபதி சொன்னார்.

இனி மாத்திரையை நானே எடுத்துப் போட வேண்டும் என்பது ரிஸ்வானா மேடத்தின் சொல். வாரம் ஒருமுறை போனில் அவரோடு பேச வேண்டும்.

ஜூன் 11

இதை எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, "அப்பா, நீங்க கொஞ்ச நாள் ஊருக்குப் போயிட்டு வாங்களேன்" என்றேன்.

அப்பா என்னைப் பார்த்தார். "சரி தாயி. வீடும் பூட்டியே கெடக்கு" என்றார். சீக்கிரமே பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். சொல்லலாம் என்று நினைப்பதற்குள் படி இறங்கிவிட்டார்.

பஸ் ஏற்றிவிட்டு வந்த சபாபதி கதவை அறைந்து சாத்தினார். "கிட்னியைக் குடுத்த மனுசனையே வெளிய அனுப்பிட்ட. உனக்கு மனசுன்னு ஒன்னு இருக்கா?"

இருக்கிறதா என்றுதான் நானும் தேடிக்கொண்டிருக்கிறேன். அதை அவரிடம் சொன்னேன். அவர் எப்போதும்போல் அறைவாசலிலேயே நின்றார். பிறகு உள்ளே வந்து, ஆபரேசனுக்குப் பின் முதல்முறையாகக் கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

ஜூன் 13

காலையில் மாத்திரை போட்டேன். மாலையும் போட்டேன். ஆசையாகப் போட்டேன் என்று சொல்ல முடியாது. விழுங்கினேன்.

ஜூன் 14

அப்பாவுக்குப் போன் செய்ய எடுத்தேன். வைத்துவிட்டேன்.

ஜூன் 16

காலை பத்து மணிவாக்கில் அப்பாவே அழைத்தார். ஊர்க்கதை பேசினார். மோட்டார் ரிப்பேர், அத்தை வீட்டுக் கன்று. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தாயி."

"சொல்லுங்கப்பா."

"அறுத்த பக்கம் வலி நிக்கவே இல்ல. குனிய முடியல. எடது பக்கம் திரும்பிப் படுக்க முடியல. அத்தை கஷாயம் வச்சுக் குடுத்துச்சு, கேக்கல."

"எப்ப இருந்துப்பா?"

"ஆபரேசன் ஆனதுல இருந்தே."

"இம்புட்டு நாளும் ஏம்ப்பா சொல்லல?"

"எப்படிச் சொல்றது? உனக்குக் குடுத்ததால வலிக்குதுன்னு உன்கிட்டயே சொல்றதா? அன்னைக்கு ஆஸ்பத்திரியில நீ பயமா இருக்குன்ன பாரு, அதுல இருந்து எனக்கும் யார்கிட்டயாவது சொல்லணும்போல இருக்கு. எனக்கும் பயமாத்தான் இருக்கு தாயி. இருக்கற ஒன்னுக்கும் ஏதாவது ஆயிருச்சோன்னு. டாக்டர்கிட்டப் போகணும். தனியாப் போகத் தெம்பு இல்ல. கூட வர்றியா?"

கூட்டத்துக்குப் போகக் கூடாதவள் நான். வியாழக்கிழமை மதுரையில் எனக்கு ரத்தப் பரிசோதனை இருக்கிறது. இரண்டில் நிற்கும் கிரியாட்டினின் அங்கேயே நிற்குமோ ஏறுமோ தெரியாது. அப்பாவுக்கு என்ன சொல்வார்களோ, அதுவும் தெரியாது.

"வர்றேம்ப்பா" என்றேன்.

சபாபதியிடம் வியாழக்கிழமைக்கு ஷிப்ட் மாற்றிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். வத்தலக்குண்டு போய் அப்பாவை ஏற்றிக்கொண்டு அப்படியே மதுரை. புறநோயாளிப் பிரிவில் டோக்கனுக்கு வரிசை நீளமாக இருக்கும். அப்பாவால் அவ்வளவு நேரம் நிற்க முடியாது. நான் நின்றுகொள்வேன்.